நாற்பது பேரில் மூன்று பேர்

வணக்கம். நண்பர்கள் சேர்ந்து தமிழ்ச் சொற்பிழைத் திருத்தி ஒன்றைத் திறமூலமாக (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளாக) எழுதி வருகிறோம். குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள், கோடு (நிரல்) எழுதுவது மூன்று பேர்தான். புதிதாக வருகிறவர்களும் ஒரே மாதத்தில் காணாமல் போகிறார்கள். தலைவர், செயலாளர் என்று பொறுப்புகள் போட்டால் சரியாகுமா?
— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பொறுப்புகளுக்கு இப்போது அவசரமில்லை. இணையதளப் பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி வெப் சர்வர் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ஒரு சர்வரை எழுதிய ராப் மெக்கூல் 1994 நடுவில் அங்கிருந்து விலகினார். மென்பொருள் வளராமல் நின்றது. அதை வைத்துத் தளம் நடத்தியவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஆளாளுக்குப் பிழைகளைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் அவர்களில் சிலர் மின்னஞ்சல் வழியே கூடி, அந்தத் திருத்தங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். மையமாக இருந்தவர்கள் எட்டே பேர். ஏப்ரலில் அப்பாச்சியின் முதல் வெளியீடு வந்துவிட்டது.

அவர்கள் எல்லாருக்கும் தன் சர்வர் ஒழுங்காக ஓட வேண்டும் என்ற தேவை இருந்தது. உங்கள் நாற்பது பேரில் அந்தத் திருத்தியைத் தினமும் பயன்படுத்துகிறவர் எத்தனை பேர்? பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் கிடைத்தால்கூடப் பெரிய பலம்.

அப்புறம், முடிவெடுக்கும் முறை. ஒரு மாற்றத்தை ஏற்கிறவர் +1 என்றும் எதிர்க்கிறவர் -1 என்றும் எழுதுவது அப்பாச்சி வழக்கம். கோடு விஷயத்தில் -1 போட்டால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மறுப்பு செல்லாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. 'வாழ்த்துகள்' என்ற சரியான சொல்லை உங்கள் மென்பொருள் பிழையாகக் காட்டுகிறது, அதைச் சரிசெய்து ஒரு மாணவி பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்புகிறார் என்று வையுங்கள். மூன்று வாரம் பதிலே போகவில்லை என்றால் அவர் ஏன் திரும்பி வர வேண்டும்? இரண்டு நாளில் 'சேர்த்துவிட்டோம்' என்றோ, 'இந்தச் சோதனையில் தோற்கிறது, இந்த வரியைப் பாருங்கள்' என்றோ எழுதுங்கள். மறுப்பே ஆனாலும் காரணம் இருந்தால் கற்றுக்கொண்டு அடுத்ததை அனுப்புவார். தொடர்ந்து நல்ல திருத்தம் தருகிறவருக்கு நேரடியாகக் கோடு சேர்க்கும் உரிமையையே கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் இறுதி முடிவு அதை உருவாக்கிய கைடோ வான் ராசமிடம் இருந்தது. 2018 ஜூலையில் அவர் விலகியதும், அடுத்து யார் முடிவெடுப்பது என்று மாதக்கணக்கில் விவாதித்து, 2019 தொடக்கத்தில்தான் ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் மூவரும் நல்ல நட்போடு இருக்கும் இப்போதே, கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். கோடு முழுவதையும் வைத்திருக்கும் ரெபாசிட்டரியின் அட்மின் உரிமையும் ஒருவரிடம் மட்டும் இருந்தால், இந்த வாரமே இன்னொருவருக்கும் கொடுத்துவிடுங்கள்.