பஸ்ஸில் வந்த லேப் குட்டி, தேவிபட்டினத்து மண்டை, கு.க. ஆபரேஷன்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் நாய்க்குட்டி சமாச்சாரம்தான் அதிகம், அதனால் மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் எல்லாம் அடுத்த முறை.

கேள்வி: அண்ணே, இன்ஸ்டாகிராமில் பார்த்து ரூ.14,000-க்கு ஒரு லேப் (லாப்ரடார்) நாய்க்குட்டி வாங்கினோம். ஜிபேயில் முழுப் பணமும் போட்ட பிறகு ஆம்னி பஸ்ஸில் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். 45 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு என்றார்கள். மூணாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தக் கழிச்சல், ஆறாம் நாள் போய்விட்டது. டாக்டர் பார்வோ என்ற தொற்றுநோய் என்றார். விற்றவரிடம் கேட்டால் "நீங்க கண்டதைக் கொடுத்திருப்பீங்க" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: வழி இருக்கிறது தம்பி. பார்வோ கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிவதற்குப் பொதுவாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். மூணாம் நாளே வாந்தி என்றால், அந்தக் கிருமி உங்கள் வீட்டில் ஒட்டியிருக்க வாய்ப்பு குறைவு, விற்றவர் இடத்திலோ பஸ்ஸிலோதான் ஒட்டியிருக்கும். சாப்பாட்டால் பார்வோ வராது. இதைச் சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்கிவிடுங்கள், உங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்தக் காகிதம்தான்.

அடுத்து, 45 நாள் என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. நம்ம ஊரில் 45 நாள் என்பதை ஏதோ பெரிய தகுதி போலச் சொல்லி விற்கிறார்கள், உண்மையில் அது அவர்களே எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். அதே விதியில் விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தேதியும் கையெழுத்தும் போட்ட ரசீது தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது, ஆனால் பணம் போனதற்குச் சாட்சி ஆகும்.

முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம் கொடுத்து. வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதலாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். குட்டியின் விலை, ஆஸ்பத்திரிச் செலவு, மன உளைச்சல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தடுப்பூசி அட்டையில் வெறும் தேதியும் கிறுக்கலும் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். மருந்துக் குப்பியில் இருக்கிற சின்ன ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும், அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும், பக்கத்தில் டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரை. குட்டியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பக்கம் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பல் எல்லாம் அநேகமாக முளைத்திருக்கும், உள்ளே ஈறு மொட்டையாக இருந்தால் வயது பொய். ஈறு வெளுத்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் புழு. வெள்ளை ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று, காற்று அதன் மேல் படாமல் ஒரு கைதட்டு, ஏனென்றால் அந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு, கூட்டத்தோடு இருக்கும்போது மற்றக் குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பும், அதனால் தனியாகத் தூக்கி வந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேற இடத்துல இருக்கு" என்றால் நீங்களும் வேற இடம் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மண்டை என்கிற நாட்டு இன நாய், பொட்டை, ஒன்றரை வயசு. பக்கத்து வீட்டார் கு.க. ஆபரேஷன் கட்டாயம், பண்ணாவிட்டால் கேஸ் ஆகும் என்கிறார்கள். என் தம்பியோ நாட்டு இனம் அழிந்துபோகும், கத்தியே வைக்கக்கூடாது என்கிறான். யார் சொல்வது சரி? (தேவிபட்டினம் வாசகி)

பதில்: இரண்டு பேருமே பாதி சரி அக்கா. வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் கருத்தடை கட்டாயம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. 2023-ல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெரு நாய்க்கான பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன, வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பு வளர்ப்பவர் என்று சொல்கின்றன. கட்டாயம் ஓர் இடத்தில் வருகிறது: 2017 விதிப்படி ஆறு மாசம் தாண்டிய நாயைக் கருத்தடை செய்யாமல் விற்கக்கூடாது, வாங்குபவர் பதிவு பெற்ற இன்னொரு வளர்ப்பாளராக இருந்தால் ஒழிய.

கட்டாயமாக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை லேசாக எடுக்க முடியாது. பாம்பன், மண்டபம் பக்கம் மீன் இறங்கும் இடங்களில் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போகும் குட்டிகள் எல்லாம் எங்கேயோ ஒரு வீட்டில் பிறந்தவைதான். பிழைத்தால் கழிவு மீனைத் தின்று கூட்டமாகும், கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டும், ஆளைக் கடிக்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2008-ல் நாலு மாசத்துக்குள் கருத்தடை என்று சட்டமே போட்டது. மறுபக்கம் நார்வே. அங்கே தக்க காரணம் இல்லாமல் நாய்க்குக் கருத்தடை செய்ய அனுமதியே இல்லை, தெரு நாயும் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் யாரும் நாயை அவிழ்த்து விட்டுவிட்டு அது எங்கே போகிறது என்று தெரியாமல் இருப்பதில்லை. எனக்கு இந்த உதாரணம்தான் பெரிசாகப் படுகிறது.

வயசு விஷயமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் கோல்டன் ரிட்ரீவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வயசுக்கு முன்னால் ஆபரேஷன் ஆனவற்றில் மூட்டுக் கோளாறு அதிகம் இருந்தது. பின்னால் மற்ற இனங்களைப் பார்த்தபோது சின்ன நாய்களில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக எல்லா நாய்க்கும் ஒரே மாசக் கணக்கு என்று சட்டம் போட்டால் பெருத்த உடம்புக்காரிக்கு அது பொருந்தாது. செய்யாமலே விட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். பொட்டைக்கு ஆபரேஷன் செய்யும் வழக்கம் குறைவான ஸ்வீடனில், இன்சூரன்ஸ் கணக்குப்படி பத்து வயசுக்குள் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இது வந்திருக்கிறது. ஹீட் (சினைப்பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாசத்தில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

என் கருத்து கேட்டால், கட்டாயம் என்பதை விற்பவன் கழுத்தில் கட்ட வேண்டும், வளர்ப்பவன் கழுத்தில் இல்லை. ஷேர் ஆட்டோவில் நாயை ஏற்றமாட்டார்கள், ஊர் கால்நடை மருந்தகத்தில் ஆபரேஷன் நடக்குமா என்பதே கேட்டுத்தான் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ராமநாதபுரமோ மதுரையோ போக வேண்டும். இந்த நிலைமையில் வீட்டுக்கு வீடு அபராதம் என்றால் ஜனங்கள் நாயை ராத்திரியோடு ராத்திரியாகத் தனுஷ்கோடி ரோட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பதிவு இல்லாமல் வருஷம் முழுக்கக் குட்டி விற்பவனைப் பிடிப்பது அதைவிடச் சுலபம், அவன்தான் போன் நம்பரோடு விளம்பரம் போடுகிறானே.

உங்கள் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. மண்டை நம்ம ராமநாதபுரச் சீமை நாய், பெரிய தலையும் அகல நெஞ்சுமாகச் சுத்தமானது இப்போது அபூர்வம். நல்ல குணமும் உடம்பும் உள்ளவற்றை எல்லாம் ஆபரேஷன் செய்துவிட்டு, யாரும் கவனிக்காமல் திரிவது மட்டும் குட்டி போட்டால் இனம் எப்படித் தேறும்? அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். ஏழெட்டுக் குட்டி பிறந்தால் எட்டு வாரம் வரை வைத்துக்கொண்டு, புழு மருந்தும் ஊசியும் போட்டு, ஒவ்வொன்றும் போகப்போகும் வீட்டை இப்போதே விரல் விட்டுச் சொல்ல முடியுமா? பொட்டைக் குட்டியை யார் எடுப்பார்கள்? முடியும் என்றால், ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஆண் வேண்டாம், கடிக்கிற குணம் உள்ளது வேண்டாம், நல்ல மண்டையாகத் தேடி ஓர் ஈத்து எடுங்கள், அப்புறம் ஆபரேஷன். முடியாது என்றால் இப்போதே செய்துவிடுங்கள், வயசும் சரியாக இருக்கிறது. போன ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாசம் ஆகியிருந்தால் அதுதான் நல்ல சமயம், அப்போது ரத்தப்போக்கு குறைவு. அதுவரை ஹீட் வந்தால் மூன்று வாரமும் உள்ளே வைத்திருங்கள். ரத்தம் நின்றதும் அவிழ்த்து விடுகிறார்கள், சினை பிடிக்கும் நாளே அதுதான்.

கேள்வி: பக், ஹஸ்கி இரண்டில் எது பாம்பனுக்குத் தாங்கும்?

பதில்: இரண்டும் தாங்காது. பக்குக்கு மூக்கே இல்லை, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் நாய் உடம்பைக் குளிர வைக்கும், நம்ம கடல் காற்றின் ஈரத்தில் அதுவும் வேலைக்கு ஆகாது. ஹஸ்கிக்கு ஏசி போட வேண்டும், கரண்ட் பில்லை நீங்கள் கட்டுவீர்கள், கரண்ட் போனால்? 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இந்த இரண்டு உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்கக்கூடாது என்று போட்டதும், அது கோர்ட்டுக்குப் போனதும் தனிக் கதை. சட்டம் எப்படி இருந்தாலும் வெயில் மாறாது.

கேள்வி: பொட்டைக் குட்டியை இலவசமாகத் தருகிறோம், வருஷம் இரண்டு ஈத்து, குட்டிகளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். டெபாசிட் மட்டும் ரூ.20,000. சேரலாமா சார்? (தொண்டி வாசகர்)

பதில்: வேண்டாம். வருஷம் இரண்டு ஈத்து என்பதே விதிமீறல், 2017 விதிப்படி 12 மாசத்தில் ஒன்று, ஆயுசுக்கு ஐந்து, 18 மாசத்துக்கு முன்னால் கூடாது, எட்டு வயசுக்கு மேல் கூடாது. குட்டி விற்றால் பதிவு செய்திருக்க வேண்டியது நீங்கள், மாட்டுவதும் நீங்கள். நாளைக்கு அவர்கள் காணாமல் போனால் நுகர்வோர் ஆணையத்தில் "இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். ஏற்கெனவே டெபாசிட் கட்டியிருந்தால், பொட்டைக்கு ஹீட் வருவதற்கு முன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.