நடந்தால் கூலி உயருமா?

அன்புள்ள ஐயா,

என் அம்மா ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார். கூலி உயர்வு கேட்டு சேலம் கலெக்டர் அலுவலகம் வரை நடந்தே போகலாம் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். "இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் கால்தான் வீங்கும்" என்று மாமா சிரிக்கிறார். நடந்து கூலி உயர்ந்த வரலாறு உண்டா?

ஒரு வாசகி, நாகலூர்

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. கால் வீங்கியதும் உண்டு.

1965 செப்டம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சை பறித்த பிலிப்பினோக்கள் மணிக்கு 1.40 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர் லாரி இட்லியோங். ஓர் இனத்தார் நிறுத்தினால் இன்னோர் இனத்தாரை இறக்கிவிடுவது முதலாளிகளின் பழைய வித்தை. இம்முறை அது பலிக்கவில்லை. எட்டு நாளில் சீசர் சாவேஸின் மெக்சிகோ வழித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். (பெயரெல்லாம் பிறகு சாவேஸுக்கே போனது. தொடங்கியவர்களுக்கு எப்போதும் இதுதான் கதி.)

குளிர்காலத்தில் தோட்டத்தில் பறிக்க என்ன இருக்கும், மறிக்க யார் இருப்பார்கள்? 1966 மார்ச் 17 அன்று நடக்கத் தொடங்கினார்கள். தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு ஏறத்தாழ 300 மைல். மெக்சிகோ மக்கள் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் கொடி முன்னால் போனது. சாவேஸுக்குக் கொப்புளம் வெடித்துக் கால் வீங்கியது. கோல் ஊன்றி நடந்தார். இரவுகளில் பண்ணைத் தொழிலாளர் வாழும் சிற்றூர்களில் தங்கி, அங்கிருந்தவர்களிடம் பேசினார்கள். என் கணக்கில் போராட்டத்தின் பாதி வேலை அந்த இரவுகளில்தான் நடந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று ஊர்வலம் போய்ச் சேர்ந்தபோது ஆளுநர் ஊரிலேயே இல்லை!

ஆனால் அதற்குள், டெலானோவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஷென்லி என்ற மதுபான நிறுவனம் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. நடையைப் பார்த்து மனம் இளகி அல்ல. அதன் பெயர் பாட்டிலில் அச்சாகி நகரத்துக் கடைகளில் இருந்தது. வாங்காதீர்கள் என்று சொல்லப் போராட்டக்காரர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது. டெலானோவின் மற்ற திராட்சை முதலாளிகளில் பெரும்பாலோர் 1970 ஜூலை வரை அசையவில்லை. திராட்சையையே வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுத்தான் அவர்களை இறக்க வேண்டியிருந்தது.

ஆகவே நடப்பதானால், முதலாளிக்கு ஆள் தேவைப்படும் பறிப்புக் காலத்தில் நடங்கள். வழியில் கோரிமேட்டிலும் அஸ்தம்பட்டியிலும் நின்று பேசுங்கள். அதற்கு முன் ஒன்றை விசாரித்து எழுதுங்கள்: அம்மா பறிக்கும் பழம் கொட்டையாகி, பொடியாகி, எந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் கடைக்கு வருகிறது?