மாமியார் கட்டில்ல, நான் ஒன்றரை ஷிஃப்ட்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட்டுதான். ஆறு மாசம் முன்னாடி அத்தைக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வரல. வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார், வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தா பெருசு. நாத்தனார் "நீ வேலைய விட்டுட்டு பாத்துக்க"ன்னு சொல்றாங்க. வீட்ல இருந்து பாத்துக்குறவங்களுக்கு கவர்மென்டே மாசாமாசம் ஒரு தொகை குடுத்தா நல்லா இருக்கும்ல?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கண்ணு, மொதல்ல வேலைய விடாதீங்க. என் மாமியார் படுத்தப்போ நான் டீச்சர் வேலைய விட்டேன், ஆறு வருஷம் பாத்துக்கிட்டேன், அவங்க போனப்புறம் திரும்பி வேலை கேட்டா வயசு தாண்டிருச்சுன்னுட்டாங்க. அவங்கள பாத்துக்கிட்டதுல எனக்கு துளி வருத்தம் கிடையாது, ஆனா விடுறதா வேண்டாமான்னு என்கிட்ட யாருமே கேக்கல பாருங்க, அது இன்னும் உறுத்துது.

நீங்க கேட்டிருக்க இதே கேள்விய வச்சு ஜப்பான்ல பெரிய விவாதமே நடந்துச்சு. அங்கயும் நம்ம ஊர் மாதிரிதான், மாமனார் மாமியார பாத்துக்கறது மருமகள் வேலை. 1980ல 65 வயசு தாண்டினவங்க இருக்க வீடுகள்ல பாதி, மூணு தலைமுறை ஒண்ணா இருந்த வீடுங்க. அப்புறம் பொண்ணுங்க வேலைக்குப் போனாங்க, பிள்ளைங்க குறைஞ்சுது, பெரியவங்க ரொம்ப வருஷம் வாழ ஆரம்பிச்சாங்க, பாத்துக்க வீட்ல ஆள் இல்லாம போச்சு. அதனால 1997ல சட்டம் போட்டு 2000 ஏப்ரல்ல முதியோர் பராமரிப்பு இன்சூரன்ஸ்னு ஒண்ண கொண்டு வந்தாங்க. 40 வயசு ஆனா எல்லாரும் பிரீமியம் கட்டணும், செலவுல கிட்டத்தட்ட பாதி வரிப்பணம், மீதி பிரீமியம். தேவைப்படுறப்போ ஆள் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடுவாங்க, இல்லன்னா காலைல வேன் வந்து பெரியவங்கள பகல் மையத்துக்கு கூட்டிட்டுப் போயி சாயங்காலம் கொண்டு வந்து விடும். ஆரம்பத்துல குடும்பம் குடுத்தது பத்துல ஒரு பங்குதான், இப்போ வருமானம் அதிகம் உள்ளவங்களுக்கு ரெண்டு பங்கு, மூணு பங்கு வரைக்கும் போகுது.

சட்டம் வர்றதுக்கு முன்னாடிதான் அந்தக் கேள்வி வந்துச்சு, பாத்துக்குற குடும்பத்துக்கு காசாவே குடுத்துரலாமான்னு. ஜெர்மனி 1995ல கொண்டு வந்த இன்சூரன்ஸ்ல காசும் வாங்கலாம், சேவையும் வாங்கலாம், அங்க நிறைய பேர் காசத்தான் எடுத்தாங்க. ஆனா ஜப்பான்ல ஹிகுச்சி கெய்கோன்னு ஒரு அம்மா தலைமையில 1983லயே ஆரம்பிச்ச பெண்கள் சங்கம் வேண்டவே வேண்டாம்னு நின்னுச்சு. காசு குடும்பத்துக்கு வரும், வேலை மருமகள் தலையில விழும், "அதான் பணம் வருதுல்ல, வேலைய விடு"ன்னு சொல்றதுக்கு ஒரு சாக்காவும் ஆயிரும்னாங்க. கடைசில காசு கிடையாது, சேவைதான்னு முடிவாச்சு. உங்க நாத்தனார் சொல்றத படிச்சதும் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. நம்ம ஊர்ல மாசம் ரெண்டாயிரமோ மூவாயிரமோ குடுத்தா நீங்க வாங்குற சம்பளத்துக்கு ஈடாகாது, பி.எஃப். நின்னுரும், ஈ.எஸ்.ஐ. நின்னுரும். அதனால காச விட, பகல்ல அத்தைய பாத்துக்க ஒரு இடமும் வந்து போக வண்டியும் வேணும்னுதான் நாம கேக்கணும்னு நான் நினைக்கிறேன். ஜெர்மனிக்காரங்க ஒரு விஷயம் நல்லா செஞ்சிருக்காங்க, வீட்ல பாத்துக்குறவங்க பேர்ல பென்ஷன் கணக்குலயும் பணம் கட்டுறாங்க, அத நம்ம ஊர்லயும் கேக்கலாம்.

ஜப்பான்லயும் எல்லாம் சரியாயிடல. இன்னமும் வருஷத்துக்கு சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டுப் பெரியவங்கள பாத்துக்கறதுக்காக வேலைய விடுறாங்க, பராமரிப்பு வேலைக்கு சம்பளம் கம்மிங்கறதால ஆளும் கிடைக்கறதில்ல.

இப்போதைக்கு நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பக்கத்துல இருக்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அத்தை பேர பதிவு பண்ணுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் வீட்லயே உண்டு. பகல் முழுக்க கூட இருக்க மாட்டாங்கதான், ஆனா கை கால் கொஞ்சம் அசைஞ்சாலே உங்க பாரம் குறையும். வீட்டுக்காரர் இருக்க அந்த ரெண்டு நாளும் குளிப்பாட்டுறது, துணி மாத்துறது எல்லாம் அவர் செய்யட்டும், அவர பெத்த அம்மாதானே.

கேள்வி: அந்தக் காலத்துல கூட்டுக்குடும்பத்துல இதெல்லாம் தானா நடந்துச்சு. பெண்கள் வேலைக்குப் போனதுனாலதானே இன்னைக்கு ஊருக்கு ஊர் முதியோர் இல்லம்?
- ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்க வயசுக்கு மரியாதையோட சொல்றேன், தானா எதுவும் நடக்கல, யாரோ ஒரு பொம்பளை விடிகாலைல எந்திரிச்சு செஞ்சாங்க, கணக்குல வராததால தானா நடந்த மாதிரி தெரிஞ்சுது. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யுற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம் செலவழிக்கிறாங்கன்னு வந்துச்சு, ஆண்கள் 97 நிமிஷம். அதுலயும் வீட்டு வேலை செய்யுற ஆண்களே நாலுல ஒருத்தர்தான்.

குடும்பம் சுருங்குனதுக்கு பெண்கள் வேலை மட்டும் காரணமில்லைங்க ஐயா. 2019-21 குடும்ப நல சர்வே படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைதான். பையன் பெங்களூர்லயோ துபாய்லயோ இருக்கான், அவன் போனத யாரும் தப்பு சொல்றதில்ல. இன்னொண்ணும் பாருங்க, பெத்தவங்கள பாத்துக்கலன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு குடுக்கலாம்னு 2007ல ஒரு சட்டம் வந்துச்சுல்ல, அதுல "பிள்ளைகள்"னா மகன், மகள், பேரன், பேத்தின்னுதான் இருக்கு, மருமகள் பேரே கிடையாது. சட்டத்துல இல்லாத ஆள் தலையிலதான் நாம எல்லாத்தையும் வச்சிருக்கோம்.

கேள்வி: 26 வாரம் பிரசவ லீவுன்னு சட்டம் வந்தப்புறம் இன்டர்வியூல "எப்போ கல்யாணம், எப்போ குழந்தை"ன்னு கேக்குறாங்க அக்கா. நல்லது பண்றேன்னு சட்டமே எங்க வேலைக்கு உலை வைக்குதோ?
- வாசகி, ஓசூர்

பதில்: உங்க கோவம் நியாயம். 2017 திருத்தத்துல லீவ 12 வாரத்துல இருந்து 26 ஆக்கினாங்க, ஆனா ஈ.எஸ்.ஐ.க்குள்ள வராத இடங்கள்ல அந்த சம்பளம் முழுக்க முதலாளி கையில இருந்துதான் போகணும். ஈ.எஸ்.ஐ.ல இருந்தா அந்த நிதில இருந்து வரும், முதலாளிக்கு தனி செலவு இல்ல. செலவ எல்லார்கிட்டயும் பங்கு போட்டு வாங்காம ஒரு முதலாளி தலையில கட்டினா அவன் பொண்ண வேலைக்கு எடுக்கவே யோசிப்பான். லீவ குறைக்கச் சொல்லி யாராவது பேசினா ஒத்துக்காதீங்க, மாத்த வேண்டியது யார் பணம் குடுக்கறதுங்கறத.

அதே திருத்தத்துல 50 பேர் வேலை செஞ்சா குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போயி பாக்கலாம்னும் இருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த 50 பேர்ல ஆம்பளைங்களும் கணக்கு. பழைய ஃபேக்டரி சட்டத்துல 30 பெண்களுக்கு மேல இருந்தாத்தான் காப்பகம்னு இருந்துச்சு, அப்போ 30ஓட நிறுத்திக்கிட்டா முதலாளிக்கு மிச்சம், இப்போ அப்படி தப்பிக்க முடியாது.

கேள்வி: எனக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்கப் போகுது. அப்பாக்களுக்கு லீவு எதுக்குன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. நான் எடுக்கணுமா?
- வாசகர், சென்னை

பதில்: வாழ்த்துகள் தம்பி, கண்டிப்பா எடுங்க. மத்திய அரசு ஊழியரா இருந்தா 15 நாள் உண்டு, குழந்தை பிறந்து ஆறு மாசத்துக்குள்ள எடுத்துக்கலாம். தனியார்ல உங்க கம்பெனி பாலிசி என்னவோ அதுதான். ஸ்வீடன்ல 1974லயே அப்பாவும் எடுக்கலாம்னு கொண்டு வந்தாங்க, அப்பவும் ஆண்கள் பெருசா எடுக்கல, 1995ல ஒரு மாசம் அப்பாவுக்குன்னே ஒதுக்கி, எடுக்கலன்னா அந்த மாசம் போச்சுன்னு ஆக்கினப்புறம்தான் நிறைய பேர் எடுக்க ஆரம்பிச்சாங்க. கம்பெனி ஒத்துக்கிச்சுன்னா எல்லா நாளையும் மொத வாரத்துலயே தீர்த்துராதீங்க, அப்போ வீடு நிறைய பாட்டிங்க இருப்பாங்க. உங்க மனைவி திரும்ப வேலைக்குப் போற வாரத்துக்கு கொஞ்சம் மிச்சம் வைங்க, அந்த வாரம் குழந்தைய தனியா நீங்க வச்சிருங்க.