தாத்தாவின் கிரேக்க ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். என் மனைவியின் தாத்தா 1900இல் கிரேக்க நாட்டில் பிறந்து, 1922இல் இங்கு வந்தவர். அவருடைய 1908ஆம் ஆண்டுப் பள்ளிச் சான்றில் ‘நெமேயா நகராட்சி, கொரிந்தியா மாவட்டம்’ என்றும், 1922ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டில் ‘அயியோஸ் யோர்யோஸ், அர்கோலிடா-கொரிந்தியா மாவட்டம்’ என்றும் இருக்கிறது. இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள் என்றும், தனித்தனியாகத் தேடத் தனித்தனிக் கட்டணம் என்றும் ஏதென்ஸிலுள்ள முகவர் ஒருவர் கூறுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இரண்டு தாள்களும் ஒரே ஊரைத்தான் குறிக்கின்றன. நீங்கள் தேடும் அயியோஸ் யோர்யோஸ், 1923இல் நெமேயா என்று பெயர் மாற்றப்பட்டு, சிவப்பு ஒயினுக்குப் பெயர்பெற்ற சிறு நகரமாகக் கொரிந்தியாப் பகுதியில் இன்றும் இருக்கிறது. பெயர் மாறுவதற்கு முன்பே தாத்தா கப்பலேறிவிட்டதால் கடவுச்சீட்டில் பழைய பெயர் நிற்கிறது. பள்ளிச் சான்றில் நெமேயா என்று இருப்பதற்குக் காரணம், 1912 வரை அந்த ஊரும் சுற்றியிருந்த சிற்றூர்களும் நெமேயா என்ற ஒரே நகராட்சிக்குள் இருந்தன என்பதே. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பெரிய நகராட்சிகளை உடைத்துச் சிறு ஊராட்சிகளாக்கியது. 1997இல் வந்த சட்டம் அவற்றை மறுபடியும் சேர்த்தது. உடைத்ததையே திரும்ப ஒட்டுவதற்கு எண்பத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நிர்வாகம், பழைய ஆவணக் கட்டுகள் எந்த அலமாரிக்குப் போயின என்பதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல இன்னும் நேரம் ஒதுக்கவில்லை.

மாவட்டப் பெயரில் உள்ள முரண்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகவர்கள் பணம் பார்க்கும் இடம் இதுதான். அர்கோலிடாவும் கொரிந்தியாவும் நெடுங்காலம் ஒரே மாவட்டமாக, நாஃப்பிலியோவைத் தலைநகராகக் கொண்டு இருந்தன. 1899இல் நாட்டின் மாவட்டங்கள் 16இலிருந்து 26 ஆக உயர்த்தப்பட்டபோது அவை பிரிந்தன. 1909இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு மீண்டும் இணைந்தன. 1949இல்தான் நிரந்தரமாகப் பிரிந்தன. ஆகவே 1908ஆம் ஆண்டுத் தாளில் கொரிந்தியா தனியாக நிற்பதும், 1922ஆம் ஆண்டுத் தாளில் அர்கோலிடாவோடு சேர்ந்து நிற்பதும் முற்றிலும் சரியானவையே. அந்தப் பத்தாண்டு இடைவெளியில் பிறந்த ஒருவருக்கும் அவருடைய தம்பிக்கும் மாவட்டப் பெயர் வேறாக இருக்கலாம். அதனால் குடும்பம் இரண்டாகிவிடாது, வீடும் இடம் மாறியிருக்காது. இதே காலத்தில் அக்காயா-இலியா, அட்டிக்கா-வியோட்டியா போன்ற இரட்டை மாவட்டங்களும் இப்படியே பிரிந்து சேர்ந்தன. அங்கும் இதே கதையைச் சொல்லிக் கட்டணத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். தாளில் மாவட்டப் பெயரைப் பார்த்தால், முதலில் தாளின் ஆண்டைப் பாருங்கள்.

இனி, எங்கே எழுதுவது? கிரேக்கத்தில் ஆண் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டு வாரியாக, தந்தை பெயருடன் எழுதிவைத்த பதிவேடு ஒன்று உண்டு. படைச் சேர்க்கைக்காக ஏற்பட்ட அதை ‘மித்ரோ அர்ரேனோன்’ என்பார்கள். அதன் பிரதி ஒன்று நகராட்சியிலும் மற்றொன்று மாவட்ட அலுவலகத்திலும் இருக்கும். எனவே முதலில் இன்றைய நெமேயா நகராட்சிக்கு எழுதுங்கள். அங்கே பழைய ஏடு கிடைக்காவிட்டால், பொது ஆவணக் காப்பகத்தின் கொரிந்து கிளைக்கும், பிறகு நாஃப்பிலியோ கிளைக்கும் எழுதுங்கள். இன்றைய வரைபடத்தில் நெமேயா கொரிந்தியாவில் இருப்பதால் நாஃப்பிலியோவைப் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. 1899 முதல் 1909 வரை பிரிந்திருந்த காலம் தவிர, 1949க்கு முன் மாவட்டத்துக்கான பிரதி போய்ச் சேர்ந்த தலைநகர் அதுதான். 2011இல் மாவட்ட நிர்வாகமே கலைக்கப்பட்டு மண்டலத்தின் உட்பிரிவாகிவிட்டதால், தொலைபேசியில் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். எழுத்தில் கேட்பதே நல்லது.

வடக்கு மாநிலங்களுக்கும் தீவுகளுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தாது. உங்களுக்கு அவை தேவையுமில்லை.

உங்கள் முகவர் அடுத்து, ‘பதிவேடு போரில் எரிந்துவிட்டது, ஆனால் எனக்குத் தெரிந்தவரிடம் நகல் இருக்கிறது’ என்பார். எரிந்த ஏடுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் எரிந்தது என்று நகராட்சியே எழுத்தில் சொல்லும்வரை நம்ப வேண்டாம். ‘எல்லை மாற்றச் சான்றிதழ்’ என்று முத்திரையிட்ட தாள் ஒன்றையும் விற்பார்கள். அதிலுள்ள செய்தி முழுவதும், ஓர் ஊர் எந்த ஆண்டு எந்த நகராட்சியில் இருந்தது, எப்போது பெயர் மாறியது என்பது வரை, ‘ஏத்தா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கிரேக்க உள்ளாட்சி முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிரேக்க எழுத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அரசிதழ் எண் உட்பட வரிசையாக வரும்.

நகராட்சிக்கான கடிதத்தைக் கிரேக்க மொழியில், அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், பழைய ஊர்ப் பெயர், இரண்டு தாள்களின் நகல் ஆகியவை போதும். பிறந்த ஆண்டை 1900 என்று மட்டும் குறிக்காமல், 1898 முதல் 1902 வரை பார்க்குமாறு கேளுங்கள். படைக்கு ஆள் எடுத்த காலத்தில் பிள்ளைகளின் வயதைப் பெற்றோர் கூட்டியும் குறைத்தும் சொல்வது வழக்கம்.