இளைப்பு நின்றதும் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: ஆஸ்துமா உள்ள என் 6 வயது மகனுக்கு ஒரு மாதமாக இளைப்பே இல்லை. தினமும் கொடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள அழற்சியை அம்மருந்து நாள்தோறும் தணித்துவருவதால்தான் இளைப்பு அடங்கியிருக்கக்கூடும். அது அடிமைப்படுத்தும் மருந்தன்று. நோய் ஏறத்தாழ 3 மாதங்கள் கட்டுக்குள் இருந்த பிறகே மருத்துவர் அளவைக் குறைக்க யோசிப்பார். கொடுக்கும் முறையே பல வீடுகளில் தவறாக இருக்கிறது: இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழாயில்) பொருத்தி, ஒருமுறை மட்டும் அழுத்தி, குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சிழுத்து விட்டபின் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, பேசமுடியாமல் திணறினாலோ, திடீர் இளைப்புக்கென மருத்துவர் தந்துள்ள நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள்.