எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு

கேள்வி: வயது 38. மூன்று வாரமாக இரவில் முகத்துக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ) சீரம் போடுகிறேன். போட்ட சில நிமிடங்களில் எரிகிறது. மூக்கோரமும் வாயோரமும் சிவந்து தோல் உரிகிறது. போன ஞாயிறு தலைக்கு டை அடித்தேன். ஐந்து வருடமாகப் போடும் அதே டைதான். செவ்வாய் காலையில் இரண்டு இமையும் வீங்கி, காதோரம் ஒரே அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைப் போட்டதும் அடங்கியது. சீரம் எனக்கு அலர்ஜியா?
— வாசகி, திருப்பூர்

பதில்: நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரே முகத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் வந்திருக்கின்றன. சீரத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. டையைப் பற்றித்தான் கவலை.

முதலில் சீரம். போட்ட உடனே எரிவது, போட்ட இடத்தோடு நிற்பது, மடிப்பில் மருந்து தேங்கும் மூக்கோரத்தில் உரிவது, இவை தோல் புண்பட்டதன் அடையாளங்கள். அளவு கூடினால் ரெட்டினால் யாருக்கும் இப்படிச் செய்யும். இரண்டு வாரம் அதை நிறுத்துங்கள். ஸ்க்ரப், வைட்டமின் சி, எலுமிச்சைச்சாறு எதுவும் வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். தோல் ஆறியபின், வாரம் இரண்டு இரவு, முகம் நன்றாகக் காய்ந்ததும், பட்டாணி அளவு போட்டுப் பார்க்கலாம். பலருக்கு அப்போது ஒத்துப்போகும்.

டை விஷயம் அப்படி இல்லை. ஞாயிறு அடித்தது செவ்வாயன்று வெடிக்கிறது பாருங்கள், அந்த இடைவெளிதான் எனக்கு முக்கியம். தொடு அலர்ஜியில் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். எரிச்சலைவிட அரிப்பு தூக்கலாக இருக்கும், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். தலைத்தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். இமைத்தோல் மெல்லியது, அதனால் அங்கேதான் முதலில் வீங்கும். இதனாலேயே தலையில் போட்ட டையை விட்டுவிட்டுக் கண் மையைக் குறை சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

"ஐந்து வருடமாகப் போடுகிறேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பார்கள். அலர்ஜி பிறவியில் வருவதில்லை. திரும்பத் திரும்பப் பட்டுத்தான் உடம்பு ஒரு பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. அது எத்தனையாவது முறை நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடந்துவிட்டால், துளி பட்டாலும் போதும். சீரத்தைப் போல அளவைக் குறைத்துப் பழக்க முடியாது.

கறுப்பு டையில் பெரும்பாலும் குற்றவாளி பி.பி.டி. எனப்படும் பாரா-ஃபினைலீன்டையமின். கல்யாண வீடுகளில் கையில் போடும் கறுப்பு மருதாணிக் கோனிலும் இதைக் கலப்பதுண்டு. வெறும் மருதாணி கறுப்பாகப் பற்றாது, செம்பழுப்பாகத்தான் பற்றும். அதனால் பரிசோதனை முடியும்வரை டை, கறுப்பு மருதாணி இரண்டும் வேண்டாம். பெட்டியில் போட்டிருப்பதுபோல டையைக் கையில் தடவிச் சோதிப்பதும் உங்களுக்கு வேண்டாம். ஒருமுறை வீங்கியவருக்கு அது ஆபத்து.

தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, அப்புறம் ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. ரத்தத்தில் எடுக்கும் அலர்ஜி டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அந்த மருந்துக்கடை க்ரீமை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சட்டென்று அடக்கியதைப் பார்த்தால் ஸ்டீராய்டாக இருக்கலாம். முகத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். அப்படிப் பழகியபின் நிறுத்தினால் முகம் நெருப்பாகச் சிவக்கும். இமையில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம். நான் அன்றாடம் பார்க்கும் பாதி வேதனை இப்படி மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடும் க்ரீமால் வந்தது.

கண் திறக்க முடியாமல் வீங்கினாலோ, உதடு தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சீரம், ஷாம்பு, நகப்பூச்சு, பொட்டு என்று முகத்துக்கும் தலைக்கும் கைக்கும் போடுகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டையின் காலி அட்டைப்பெட்டி குப்பையில் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது அதில்தான் அச்சிட்டிருக்கும்.