லாங்லீஃப் காடும் தீயும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் லாங்லீஃப் பைன் காடுகளை மீட்டெடுப்பது பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்தக் காடுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள் என்றும், அதுவே சரி என்றும் எழுதியிருந்தீர்கள். நான் கூடலூரில் வளர்ந்தவன். மாசி, பங்குனி வந்துவிட்டால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், மலைச்சரிவில் எங்காவது புகை தெரிந்தால் ஊரே பதறுவதும் எனக்குப் பழகியவை. குரங்கணியை எங்களால் மறக்க முடியாது. கன்றுகளை நட்டு, நெருப்பு அண்டாமல் காத்தால் காடு தானே வந்துவிடாதா? நட்டதை எரிப்பது எப்படி மீட்பாகும்? ஒருவரின் ஆயுளுக்குள் முடிகிற வேலைதானா இது?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் பதற்றம் நியாயமானது. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையில் நான் எழுதியது ஒரு குறிப்பிட்ட மரத்தையும் அதன் காலடியில் வளரும் புல்லையும் பற்றி மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகள் தீயைத் தாங்கப் பழகியவை அல்ல. அங்கே தீ நுழைந்தால் அழிவுதான். லாங்லீஃப் காட்டின் நியாயத்தை நம் மலைகளுக்குக் கொண்டுவர எவரேனும் என் கட்டுரையைச் சான்று காட்டினால் அதை நான் முழுமையாக மறுப்பேன்.

வர்ஜீனியாவிலிருந்து ஃப்ளோரிடா வழியாகக் கிழக்கு டெக்சஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த காடு அது. இடியும் மின்னலும் மிகுந்த அந்த நிலத்தில் கோடையின் மின்னல் தீயும், பூர்வகுடி மக்கள் வைத்த தீயும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தரையாக ஓடிக்கொண்டே இருந்தன. அந்தத் தீக்கு ஏற்ப வாழப் பழகிய மரம் லாங்லீஃப் பைன். அதன் விதை இலையுதிர்காலத்தில் விழுந்து சில வாரங்களிலேயே முளைக்கிறது. ஆனால் வேர் மண்ணைத் தொட வேண்டுமானால் தரையில் சருகு மெத்தை இருக்கக் கூடாது. முளைத்த கன்று உடனே உயர்வதில்லை. பல ஆண்டுகள், சில இடங்களில் பத்து ஆண்டுகளுக்கும் மேல், ஒரு புல்குத்து போலவே தரையில் அமர்ந்து ஆணிவேரை மட்டும் ஆழமாக இறக்கிக்கொண்டிருக்கிறது. தீ வந்தால் நீண்ட ஊசியிலைகள் கருகுகின்றன, நடுவிலுள்ள மொட்டு பிழைத்துக்கொள்கிறது. அந்த இலைகளைத் தாக்கும் பழுப்புப் புள்ளி நோயும் அதே தீயில் எரிந்துபோகிறது. வேரில் போதுமான வலு சேர்ந்ததும் கன்று விரைவாக உயர்ந்து, நுனி மொட்டைத் தரைத்தீக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இந்தக் கன்றைத் தீயிடமிருந்து காத்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதைச் செய்து பார்த்தார்கள். கோந்தும் டர்பன்டைனும் எடுத்து, ரயில் பாதை போட்டு வெட்டி, பன்றிகளை அவிழ்த்துவிட்டு முளைகளைத் தின்னக் கொடுத்த பிறகு மிஞ்சிய காட்டை, நல்லெண்ணத்தோடு தீயிடமிருந்து காத்தார்கள். ஓக் மரங்களும் ஸ்வீட்கம் மரங்களும் மேலே மூடிக்கொண்டன; அடியில் வெளிச்சம் போனது. வெட்டிய இடங்களில் விரைவாக வளரும் லாப்லாலி, ஸ்லாஷ் பைன்களை வரிசையாக நட்டார்கள். 1990களில் மிஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர்.

ஆகவே கன்று நடுவதை நான் மீட்பின் எளிய பகுதியாகவே கருதுகிறேன். லாங்லீஃப் காட்டின் செல்வம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. நன்கு பேணப்பட்ட இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை எண்ணியிருக்கிறார்கள். காட்டின் கிழக்குப் பகுதியில் அவற்றுக்கு அடிப்படையான வயர்கிராஸ் என்ற புல், வளரும் பருவத்தில் தீப்பட்டால்தான் நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் எரித்துக்கொண்டிருந்த இடங்களில் புல் உயிரோடு இருந்தும் விதை அரிதாகவே கிடைத்தது. பழைய உழுநிலத்தில் பைன் நட்டால் மரம் வந்துவிடும், புல் தானாக வராது. அதன் விதையைச் சேகரித்து விதைக்க வேண்டும். அந்தப் புல்லும் உதிர்ந்த ஊசியிலைகளுமே அடுத்த தீயைச் சீராக எடுத்துச் செல்லும் எரிபொருள் என்பதால், புல் இல்லாத இடத்தில் தீயும் ஒழுங்காக ஓடாது.

நீங்கள் அஞ்சும் ஆபத்து அங்கும் உண்டு, அதை நான் முந்தைய கட்டுரையில் போதிய அளவு சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் தீ காணாத காட்டில் முதிய மரங்களின் அடியில் சருகும் பட்டையும் மக்கிக் குவிந்திருக்கும். மரத்தின் நுண்வேர்கள் அதற்குள்ளேயே ஏறியிருக்கும். வறண்ட நாளில் தீ வைத்தால் அந்தக் குவியல் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்று, நூறு தீயைக் கண்ட மரத்தையும் கொன்றுவிடும். எனவே முதல் சில தீகளை அடிக்குவியல் ஈரமாக இருக்கும் நாளில், மேல்சருகு மட்டும் எரியும்படி வைத்து, அந்த மெத்தையைப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். காற்றின் திசை, ஈரப்பதம், புகை எந்தச் சாலைக்குப் போகும் என்பதெல்லாம் கணக்கிடப்படுகின்றன. ஃப்ளோரிடாவில் 1990இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். இந்த அறிவின் பெரும்பகுதி காடையிலிருந்து தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: பாப்வைட் காடை ஏன் குறைகிறது என்று ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்ட், தீ இல்லாததும் ஒரு காரணம் என்று கண்டு, தீயை வசைபாடிய காலத்தில் அதை 1931இல் எழுதினார். ஃப்ளோரிடாவின் டாலஹாஸி நகர் அருகே 1958இல் டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆயுள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2009இல் வகுத்த திட்டம் 34 லட்சம் ஏக்கரை 15 ஆண்டுகளில் 80 லட்சமாக்க விரும்பியது. இன்று பரப்பு ஏறத்தாழ 50 லட்சம் ஏக்கர். இலக்கை எட்டவில்லை என்றாலும், நூற்றாண்டாகச் சரிந்துவந்த கணக்கு மேலே திரும்பியிருக்கிறது. ஆனால் ஏக்கர் கணக்கைவிட ரெட் காக்கேடட் என்ற சிறு மரங்கொத்தியே நேர்மையான அளவுகோல். அது பட்ட மரத்தை விட்டுவிட்டு உயிருள்ள முதிய பைனில்தான் பொந்து குடைகிறது. உள்மரம் பூஞ்சையால் மென்மையாகியிருக்க வேண்டும், அதற்கு மரத்துக்குப் பொதுவாக 80 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இன்று நாற்பது வயதில் ஒருவர் நடும் கன்றில் அந்தப் பறவை குடைவதை அவர் பார்க்கப்போவதில்லை. 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களைச் சாய்த்தபோது, மிஞ்சிய மரங்களைக் குடைந்து மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. 1970இல் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட அந்த இனத்தை 2024இல் ஒரு படி குறைந்த ஆபத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெட்டிகள் நிலையானவை அல்ல. அவற்றைப் பராமரித்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்றைய கன்றுகளுக்குப் பொந்து தாங்கும் வயது வரும்வரை.

அன்புடன்.